‘ஆறு ஆட்டங்களில் முடியும்’: பேஸ்பால் இறுதித் தொடரைக் கணிப்பது எப்படி?

1960ஆம் ஆண்டு அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதித் தொடரில் ஓர் அணி ஏழு ஆட்டங்களில் மொத்தம் 55 ரன் எடுத்தது. எதிரணி எடுத்தது 27. கோப்பை யாருக்குப் போயிருக்கும்?

27 எடுத்தவர்களுக்கு.

55 எடுத்தது நியூயார்க் யாங்கீஸ்; 27 எடுத்து வென்றது பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். யாங்கீஸ் வென்ற மூன்று ஆட்டங்களின் கணக்கு 16-3, 10-0, 12-0. பைரேட்ஸ் வென்ற நான்கின் கணக்கு 6-4, 3-2, 5-2, 10-9. அடித்து நொறுக்கியவர்களுக்கு மூன்று வெற்றி, தட்டுத்தடுமாறிக் கரையேறியவர்களுக்கு நான்கு. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதுகூடத் தோற்ற அணியின் பாபி ரிச்சர்ட்சனுக்குத்தான் கொடுக்கப்பட்டது. அந்த விருதின் வரலாற்றில் வேறு எந்த ஆண்டிலும் அப்படி நடந்ததில்லை.

பேஸ்பால் இறுதித் தொடரை முன்கூட்டிக் கணிக்க விரும்புகிற எவரும் முதலில் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நல்ல அணி எது என்பது ஒரு கேள்வி. தொடரை வெல்லப்போவது யார் என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் உறவு உண்டு. ஆனால் ஒன்றுவிட்ட உறவுதான்.

ஆட்டத்தைப் பற்றி மிகச் சுருக்கமாக. ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரு அணிகளும் ஒருமுறை பேட் செய்யும், மூன்று பேர் அவுட் ஆனால் முறை மாறும். ‘பேஸ்’ எனப்படும் நான்கு முளைகளையும் சுற்றி வந்தால் ஒரு ரன். பந்து வீசுபவர் பிட்சர். சமநிலையில் முடிவது கிடையாது. யாராவது வெல்லும்வரை இன்னிங்ஸ் நீளும். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரு பிரிவுகளின் சாம்பியன்கள் அக்டோபர் இறுதியில் மோதுவதுதான் ‘வேர்ல்டு சீரிஸ்’. 1903இல் தொடங்கியது. ஏழு ஆட்டங்கள், முதலில் நான்கை வெல்லும் அணிக்குக் கோப்பை. அது தொடங்குவதற்கு முந்தைய நாள் அமெரிக்கச் செய்தித்தாள்களில் நிபுணர்களின் கணிப்புகள் வரிசையாக வரும். அவற்றில் பல ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும்: ‘இன்ன அணி, ஆறு ஆட்டங்களில்.’ ஏன் ஆறு என்பதற்கு ஒரு வேடிக்கையான விடை உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குத் தேவை.

இந்த விளையாட்டில் வல்லவருக்கும் மெலிந்தவருக்கும் இடையே உள்ள இடைவெளி வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. ஒரு பருவத்தில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் நூறை வென்றால் மிகச் சிறந்த அணி. அதாவது மிகச் சிறந்த அணியே பத்துக்கு ஏறக்குறைய நான்கில் தோற்கிறது. மறுபக்கம், 2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றது. நவீன கால பேஸ்பாலில் அதைவிட மோசமான தோல்விக் கணக்கு இல்லை. அந்த அணியும் 41 ஆட்டங்களை வென்றிருக்கிறது. நாலில் ஒரு பங்கு! பத்து முறை பேட்டைப் பிடித்து மூன்று முறை பந்தைச் சரியாக அடிப்பவர் நட்சத்திரம் எனக் கொண்டாடப்படும் விளையாட்டு இது. பலமாக அடித்த பந்து நேராக ஒருவரின் கையுறைக்குள் போய் விழும். பேட்டின் நுனியில் பட்டுச் சோர்ந்துபோன பந்து இரண்டு பேருக்கு நடுவே விழுந்து ரன்னாகும்.

எனவே கணிப்பின் முதல் படி, ஓர் ஆட்டத்தில் யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று பார்ப்பது. பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் இதற்கு எளிய வழி ஒன்றைத் தந்திருக்கிறார். 2019ஆம் ஆண்டுத் தொடரை வைத்துப் பார்க்கலாம். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 162க்கு 107 வெற்றி, அதாவது 66 விழுக்காடு. வாஷிங்டன் நேஷனல்ஸ் 93 வெற்றி, 57.4 விழுக்காடு. ஹூஸ்டனின் வெற்றி விகிதத்தை வாஷிங்டனின் தோல்வி விகிதத்தால் பெருக்க வேண்டும்: 0.660 × 0.426 = 0.281. அடுத்து வாஷிங்டனின் வெற்றியை ஹூஸ்டனின் தோல்வியால்: 0.574 × 0.340 = 0.195. இரண்டையும் கூட்டி, அதில் முதல் எண் எத்தனை பங்கு என்று பார்த்தால் ஏறக்குறைய 0.59 வருகிறது. ஓர் ஆட்டத்தில் ஹூஸ்டன் வெல்ல 59 விழுக்காடு வாய்ப்பு.

ஒரே ஆட்டத்தில் 59 என்றால் ஏழு ஆட்டத் தொடரில் அது 69 ஆக உயர்கிறது. நீண்ட தொடர் வலியவனுக்குச் சாதகம் என்பது உண்மைதான். எவ்வளவு சாதகம் என்று பாருங்கள்: 107 ஆட்டங்களை வென்ற அணிகூடப் பத்துத் தொடர் ஆடினால் மூன்றைக் கோட்டைவிடும். அந்த ஆண்டு கோட்டைவிட்டது. வாஷிங்டனின் அந்தப் பருவம் 19 வெற்றி, 31 தோல்வி என்று தொடங்கியது; மே மாத இறுதியில் அந்த அணி வேர்ல்டு சீரிஸை வெல்லும் என்று சொல்லியிருந்தால் சொன்னவரின் உடல்நலத்தை விசாரித்திருப்பார்கள்.

வெற்றி தோல்வி எண்ணிக்கையைவிட ரன் கணக்கை நம்புகிறவர்களும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் ஆகிய இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி எத்தனை விழுக்காடு வென்றிருக்க வேண்டும் என்று கிடைக்கும். 800 எடுத்து 700 கொடுத்த அணி 162இல் சுமார் 92 வென்றிருக்க வேண்டும். நிஜத்தில் 98 வென்றிருந்தால் அதில் ஓரிரு கைப்பிடி அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. அது அக்டோபரிலும் கூடவே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. இதுவும் பில் ஜேம்ஸின் கைவண்ணம்தான்.

இப்போது அந்த ‘ஆறு’. இறுதித் தொடருக்கு வரும் இரு அணிகளில் ஒன்று சற்றே வலியது, ஓர் ஆட்டத்தில் அதற்கு 55 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். தொடரை அது வெல்லும் வாய்ப்பு சுமார் 61. அதை நான்கு ஆட்டங்களில் முடிக்கும் வாய்ப்பு 9 விழுக்காடு, ஐந்தில் முடிப்பது 16, ஆறில் 19, ஏழில் 17. இருக்கும் எட்டு விதமான முடிவுகளில் தனித்தனியாகப் பார்த்தால் ‘வலிய அணி, ஆறில்’ என்பதுதான் எல்லாவற்றையும்விடச் சற்றுக் கூடுதல் வாய்ப்புள்ளது. நிபுணரின் உள்ளுணர்வு பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிறந்த கணிப்பே ஐந்து முறை சொன்னால் நான்கு முறை தவறிப்போகும். இதைத் தெரிந்துகொண்டபின் கணிப்புகளைப் படிக்கும்போது கோபம் வருவதில்லை. கொஞ்சம் பரிவுதான் வருகிறது.

இதுவரை போட்ட கணக்கெல்லாம் ஏழு ஆட்டங்களும் ஒன்றுபோல என்று எடுத்துக்கொண்டது. அவை ஒன்றுபோல இல்லை. கணிப்பில் உண்மையான சுவையே இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் வேறொருவர் பந்து வீசுகிறார்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். நல்ல வேகப்பந்து வீச்சாளரை அடுத்தடுத்த ஆட்டங்களில் இறக்கலாம். ஆறு பந்துக்கு ஒருமுறை அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது ஸ்டார்ட்டர், தொண்ணூறு நூறு பந்துகளை ஒரே ஆளாக, முழு விசையோடு எறிகிறார். பிறகு நான்கைந்து நாள் ஓய்வு. வழக்கமான பருவத்தில் ஐந்து ஸ்டார்ட்டர்கள் முறை வைத்து வருவார்கள். அக்டோபரில் பயண நாட்கள் இடையில் வருவதால் நான்கு பேர், சில நேரம் மூன்று பேரே போதும். ஐந்தாவது ஆள் பெஞ்சுக்குப் போகிறார். முதல் ஆளின் பங்கு பெருகுகிறது. ஆகவே 162 ஆட்டங்களில் ஆடிய அணியும் இறுதித் தொடரில் ஆடும் அணியும் பெயரளவில்தான் ஒன்று. ஐந்து நல்ல பிட்சர்களை வைத்து 100 ஆட்டம் வென்ற அணியைவிட, இரண்டு மகா பிட்சர்களை வைத்து 92 வென்ற அணி ஏழு ஆட்டங்களில் ஆபத்தானது.

2001 இதற்குப் பாடப்புத்தகம். யாங்கீஸ் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சாம்பியன், நான்காவதற்கு வந்திருந்தார்கள். எதிரே அரிசோனா டைமண்ட்பேக்ஸ், தொடங்கி நான்கே பருவம் ஆன அணி. ஆனால் அவர்களிடம் ராண்டி ஜான்சன், கர்ட் ஷில்லிங் என்று இருவர் இருந்தார்கள். ஏழு ஆட்டங்களில் ஐந்தை அந்த இருவரே தொடங்கினார்கள். ஆறாவது ஆட்டத்தைத் தொடங்கி வென்ற ஜான்சன், மறுநாள் ஏழாவதின் கடைசிப் பகுதியிலும் வந்து எறிந்தார். யாங்கீஸ் அணியின் மொத்த பேட்டிங் சராசரி 0.183. பத்து முறை வந்தால் இரண்டு முறைகூடச் சரியாக அடிக்க முடியவில்லை. அப்படியிருந்தும் அரிசோனா வென்ற அந்தத் தொடர் ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ்வரை இழுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2014இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு மேடிசன் பம்கார்னர். முதல் ஆட்டம், ஐந்தாவது ஆட்டம் இரண்டையும் தொடங்கி வென்றார். இரண்டே நாள் ஓய்வில், ஏழாவது ஆட்டத்தில் நடுவில் இறங்கி ஐந்து இன்னிங்ஸ் எறிந்து, ஒரு ரன் முன்னிலையைக் கட்டிக் காத்தார். தொடர் முழுவதும் 21 இன்னிங்ஸில் அவர் கணக்கில் விழுந்த ரன் ஒன்றே ஒன்று.

எனவே ஒரு தொடரின் முன்னோட்டத்தைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது எந்த நாளில் யார் எறிகிறார் என்ற பட்டியலை. முந்தைய சுற்று எப்போது முடிந்தது? நான்கே ஆட்டங்களில் முடித்த அணியின் பிட்சர்கள் ஓய்வெடுத்து முறைப்படி வரிசையில் நிற்பார்கள். ஏழாவது ஆட்டம்வரை இழுபட்ட அணி தன் சிறந்த ஆளை அப்போதுதான் செலவழித்துவிட்டு வந்திருக்கும். அடுத்துப் பார்க்க வேண்டியது புல்பென், அதாவது ஸ்டார்ட்டர் களைத்த பிறகு வரும் மாற்றுப் பிட்சர்களின் கூட்டம். கடைசி இன்னிங்ஸை முடித்துத் தருபவருக்கு க்ளோசர் என்று பெயர். அவர்கள் இடக்கையா, எதிரணியின் பெரிய அடிகாரர்கள் வலக்கையா என்பதும் கணக்கில் சேரும். பொதுவாக எதிர்க்கைப் பிட்சரைத்தான் பேட்டர் எளிதாக அடிப்பார்.

சொந்த மைதானத்தைப் பற்றி நிறைய எழுதுவார்கள். நான் இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறேன். வெற்றிக் கணக்கு கூடிய அணிக்கு முதல் இரண்டும் கடைசி இரண்டும் சொந்த ஊரில். நடு மூன்று எதிராளி ஊரில். பொதுவாகச் சொந்த ஊர் அணி நூற்றுக்குச் சுமார் 54 வெல்லும். சாதகம்தான், ஆனால் மெல்லியது. 2019இல் அந்த மெல்லிய நூலும் அறுந்தது: வாஷிங்டன் ஹூஸ்டனில் நான்கை வென்றது, ஹூஸ்டன் வாஷிங்டனில் மூன்றை வென்றது. ஏழு ஆட்டங்களிலும் விருந்தாளியே வென்ற தொடர் அதற்கு முன் இருந்ததில்லை.

கண்டுகொள்ளாமல் விடத்தக்கவையும் சில. ‘அந்த அணி இப்போது நல்ல வேகத்தில் இருக்கிறது’ என்பது அவற்றில் முதலாவது. இறுதிக்கு வரும் இரண்டு அணிகளுமே அண்மையில் வென்று வந்தவைதான். வேகத்தில் இல்லாதவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பருவத்தின் பெருமையும் அப்படியே. 1906இல் சிகாகோ கப்ஸ் 152 ஆட்டங்களில் 116 வென்றது. இறுதியில் அதே நகரின் ஒயிட் சாக்ஸிடம் தோற்றது. 1954இல் கிளீவ்லாந்து 154இல் 111 வென்றது. நியூயார்க் ஜயன்ட்ஸிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. எதிர்ப்பக்கம், 2006இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 83 வெற்றி, 78 தோல்வி என்று ஏறக்குறைய நடுத்தரக் குடும்பமாக வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

இனி, கற்றதை வைத்து ஒரு தொடரைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 2025: லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ், டொரன்டோ புளூ ஜேஸ். டொரன்டோவில் சொந்தபந்தம் உள்ள தமிழ்க் குடும்பங்கள் ஏராளம் என்பதால் இந்தத் தொடரின் பெயராவது பலர் காதில் விழுந்திருக்கும்.

வெற்றிக் கணக்கில் டொரன்டோ 94, டாட்ஜர்ஸ் 93. சூத்திரப்படி நாணயம் சுண்டிப் பார்ப்பதுதான். ஆனால் பந்தயச் சந்தை டாட்ஜர்ஸ் பக்கம் தெளிவாகச் சாய்ந்திருந்தது. ஏன்? பிட்சர் பட்டியலைப் பாருங்கள்: பிளேக் ஸ்னெல், யோஷினோபு யமமோட்டோ, டைலர் கிளாஸ்னோ, ஷோஹேய் ஓட்டானி. முந்தைய சுற்றில் மில்வாக்கியை நான்கே ஆட்டங்களில் சுருட்டிவிட்டு ஒரு வாரம் ஓய்வெடுத்திருந்தார்கள். டொரன்டோவோ சியாட்டிலுடன் ஏழு ஆட்டங்கள் மல்லுக்கட்டிவிட்டு வந்தது. டாட்ஜர்ஸுக்கு ஒரு பலவீனம்: ஸ்டார்ட்டர்கள் பொன், புல்பென் பித்தளை. டொரன்டோவுக்கு ஒரு பலம்: அதன் பேட்டர்கள் எளிதில் ஸ்ட்ரைக் அவுட் ஆகாதவர்கள், அதாவது பந்தை அடிக்க முடியாமலேயே வெளியேறாதவர்கள், பந்துமேல் பந்தாகத் தொட்டுத்தொட்டு விட்டு எதிரணி ஸ்டார்ட்டரைச் சீக்கிரம் களைப்படையச் செய்பவர்கள். ஆக, நேர்மையான முன்னோட்டம் இப்படி இருந்திருக்க வேண்டும்: ஸ்டார்ட்டர்கள் நீடித்தால் டாட்ஜர்ஸ், ஆறாவது இன்னிங்ஸிலேயே புல்பென் கதவு திறந்தால் டொரன்டோ.

முதல் ஆட்டத்திலேயே அந்தக் கதவு திறந்தது. ஆறாவது இன்னிங்ஸில் யாரும் அவுட் ஆகாத நிலையில், எல்லா முளைகளிலும் ஆள் நிற்க, ஸ்னெல் வெளியேறினார். அந்த ஒரே இன்னிங்ஸில் டொரன்டோ ஒன்பது ரன். மாற்று பேட்டராக வந்த அடிசன் பார்ஜர் ஒரே அடியில் நான்கு ரன் கொண்டுவந்தார். முடிவு 11-4. மறுநாள் யமமோட்டோ ஒன்பது இன்னிங்ஸையும் தானே எறிந்தார், புல்பென் கதவு மூடியே இருந்தது, டாட்ஜர்ஸ் 5-1. இரண்டு ஆட்டங்களும் முன்னோட்டத்தை அப்படியே நடித்துக் காட்டின. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கணிப்பவர்கள் காலரைத் தூக்கிவிட்டிருப்பார்கள்.

மூன்றாவது ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ் ஓடியது. அதாவது இரண்டு முழு ஆட்டங்கள். ஃபிரெடி ஃபிரீமனின் ஹோம் ரன்னில், அதாவது எல்லைச் சுவரைத் தாண்டிப் பறந்த அடியில், டாட்ஜர்ஸ் 6-5. நான்காவதும் ஐந்தாவதும் டொரன்டோவுக்கு, 6-2, 6-1. மூன்றுக்கு இரண்டு என்ற முன்னிலையோடு டொரன்டோ சொந்த ஊர் திரும்பியது.

ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். டாட்ஜர்ஸ் 3-1 முன்னிலை. ஒரு டொரன்டோ ஆள் முதல் முளையில். பார்ஜர் அடித்த பந்து மைதானத்தின் விளிம்பு நோக்கிப் பறந்து, சுவரடிக்கு விழுந்து, சுவரின் மெத்தைக்கும் தரைக்கும் இடையிலான இடுக்கில் போய்ச் சிக்கிக்கொண்டது. ஓடி வந்த டாட்ஜர்ஸ் வீரர் ஜஸ்டின் டீன் பந்தைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கி நின்றார். விதிப்படி சிக்கிய பந்து இறந்த பந்து. ஓடுபவர்கள் இரண்டு முளைகளுக்கு மேல் போக முடியாது. சாதாரணமாகத் தெறித்திருந்தால் முதல் முளையில் இருந்தவர் ரன் எடுத்திருப்பார். இப்போது அவர் மூன்றாவது முளையில் நிற்க, மேலும் இரண்டே அடிகளில் ஆட்டம் முடிந்தது: ஒன்று எளிய கேட்ச், அடுத்தது கிகே எர்னாண்டஸ் பாய்ந்து பிடித்து, அதே வேகத்தில் இரண்டாவது முளைக்கு எறிந்து, திரும்ப ஓடி வந்த பார்ஜரையும் சேர்த்து அவுட் ஆக்கியது.

1960இன் ஏழாவது ஆட்டத்திலும் இப்படி ஒன்று உண்டு. எட்டாவது இன்னிங்ஸில் பில் விர்டன் அடித்துத் தரையோடு ஓடிய பந்து, எதிலோ, கூழாங்கல்லில் என்கிறார்கள், பட்டு எம்பி யாங்கீஸ் வீரர் டோனி கூபெக்கின் தொண்டையைத் தாக்கியது. இரண்டு பேரை அவுட் ஆக்கியிருக்க வேண்டிய பந்தில் யாரும் அவுட் இல்லை. அந்த இன்னிங்ஸில் பைரேட்ஸ் ஐந்து ரன் எடுத்தார்கள். அடுத்த இன்னிங்ஸில் பில் மசரோஸ்கியின் ஹோம் ரன். 10-9.

டொரன்டோவின் ஏழாவது ஆட்டமும் அதே குலம்தான். ஒன்பதாவது இன்னிங்ஸில், டாட்ஜர்ஸின் தோல்விக்கு இரண்டே அவுட் மீதமிருக்க, அதிகம் ஹோம் ரன் அடிக்காத மிகேல் ரோஹாஸ் அடித்த ஹோம் ரன் கணக்கைச் சமன் செய்தது. டாட்ஜர்ஸ் தன் புல்பென்னைப் பெரிதாக நம்பவில்லை. ஓட்டானி தொடங்கினார், கிளாஸ்னோ வந்தார், ஸ்னெல் வந்தார், கடைசியில், முந்தைய இரவுதான் 96 பந்து எறிந்திருந்த யமமோட்டோ ஒருநாள் ஓய்வுகூட இல்லாமல் இறங்கி இரண்டே முக்கால் இன்னிங்ஸுக்குச் சற்றுக் குறைவாக எறிந்தார். பித்தளையை மறைக்கப் பொன்னையே உருக்கி ஊற்றினார்கள். பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன், டாட்ஜர்ஸ் 5-4. யமமோட்டோவுக்கு மூன்று வெற்றி, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது.

ஏழு ஆட்டங்களின் ரன்னையும் கூட்டிப் பார்த்தேன். டொரன்டோ 34, டாட்ஜர்ஸ் 26.